ஈராசிரியர் பள்ளியில் விழா எடுப்பது எப்படி? புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு

கலந்தாய்வில் நீங்கள் எடுத்த இடம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். மொத்தம் 30 பிள்ளைகள் இருந்தால் அதிகம். ஒரு தலைமையாசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது, இசை ஆசிரியர் கிடையாது, எழுத்தர் கிடையாது. மணி அடிப்பதுகூட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதான். சுற்றறிக்கைகள் மட்டும் ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு வரும் அதே எண்ணிக்கையில் வரும். இன்று இந்த நாள், நாளை அந்த நாள், உறுதிமொழி எடுக்க வேண்டும், போட்டி நடத்த வேண்டும், படம் எடுத்து எமிஸ் என்ற துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

பாடத்தை நிறுத்திவிட்டு விழா நடத்துவது என்று முடிவு செய்தால் இரண்டு ஆசிரியர்களால் ஓர் ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்க முடியாது. வகுப்பில் அன்றாடம் நடப்பதை ஊர் வந்து பார்க்கும்படி செய்தால் போதும், அதுவே விழாவாகிவிடும். இன்னொன்று: பெரிய பள்ளியில் நன்றாக ஆடுகிற, பாடுகிற சிலர்தான் மேடை ஏறுவார்கள். இங்கே அத்தனை பேரும் ஏறலாம். இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து நகரத்துத் தனியார் பள்ளியின் ஆண்டு விழாவைப் பார்த்துக் காப்பியடிப்பது வீண் வேலை.

முதலில் ஊரின் நாட்காட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் துறையின் நாட்காட்டியை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு முன் சமையல் கூடத்துக்குப் போங்கள். சத்துணவு சமையலரும் உதவியாளரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டுவது எப்போது, நடவு எப்போது தொடங்கும், அறுப்பு எந்த வாரம், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், கடைசி பஸ் எப்போது என்று அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் இருந்தால், எந்த மாதம் போவார்கள் என்பதும் வேண்டும். அந்தப் பிள்ளைகளை நம்பி ஒரு நாடகம் தயார் செய்து, நடுவில் கதாநாயகன் ஊரில் இல்லை என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்?

பிள்ளைகள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியாக இருக்கும் ஊர்கள் இன்னும் ஏராளம். விழாவுக்கான இடம், நேரம், அழைக்கும் முறை எதுவும் ஒரு தெருவுக்கு மட்டும் தோதாக அமைந்துவிடக் கூடாது. இதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வராமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

எதைப் பெரிதாகச் செய்வது, எதை அரை மணியில் முடிப்பது

வருகிற எல்லா நாட்களையும் ஒரே அளவில் கொண்டாட முயல வேண்டாம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டும் ஊரே வரும் நாட்கள். முறையாகச் செய்தாக வேண்டியவை. ஜூலை 15 காமராசர் பிறந்தநாளும் பொங்கலும் அரை நாள் எடுத்துச் செய்யத் தகுந்தவை. செப்டம்பர் 5, நவம்பர் 14 போன்றவற்றை அரை மணி நேரத்தில் அழகாக முடித்துவிடலாம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளைத் தனி விழா ஆக்காமல் அறிவியல் பாடவேளையிலேயே வையுங்கள்: ஒரு குவளைத் தண்ணீரில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். ஆண்டு விழா ஒன்றுக்குத்தான் உங்கள் முழு பலமும் தேவை.

பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாப் போட்டிகள் 2024-25 கல்வியாண்டிலிருந்து தொடக்க வகுப்புகளுக்கும் வந்துவிட்டன. பள்ளி அளவில் வென்ற பிள்ளைகளை, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஓர் ஆசிரியர் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஆகவே போட்டிக்கென்று புதிதாக எதையும் பயிற்றுவிக்காதீர்கள். காலைக் கூட்டத்தில் ஏற்கெனவே நன்றாகக் கதை சொன்ன பிள்ளை, வகுப்பில் எப்போதும் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளை, இவர்களே போகட்டும்.

காலை வழிபாட்டுக் கூட்டம்: தினமும் ஒரு மேடை

புதிய ஆசிரியர்கள் மிகவும் அலட்சியம் செய்வது இதைத்தான். ஆண்டு விழாவில் ஒலிவாங்கியைப் பார்த்ததும் பிள்ளை அழுகிறது என்றால், காலைக் கூட்டத்தில் அந்தப் பிள்ளை ஒருமுறைகூடப் பேசியதில்லை என்று அர்த்தம்.

கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடியில் பாட வேண்டும் என்கிறது. இசைத்தட்டை ஒலிக்கவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. நம் பிள்ளைகள் தொடக்கத்தில் இழுத்துவிட்டு முடிவில் ஓடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு வாரம் பாடவைத்தால் சரியாகிவிடும். சொற்களை ஐந்தாம் வகுப்பிடம் முதலில் திருத்துங்கள்; சின்னவர்கள் பெரிய பிள்ளைகளின் வாயைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள், உங்கள் வாயைப் பார்த்து அல்ல.

பிறகு உறுதிமொழி, திருக்குறள், செய்தி என்று வழக்கமான வரிசை இருக்கும். அதில் ‘எங்கள் ஊர்ச் செய்தி’ என்று ஒரு பகுதியைச் சேருங்கள். ஒரு பிள்ளை, ஒரே ஒரு வாக்கியம். “எங்கள் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.” “நேற்று வாய்க்காலில் தண்ணீர் வந்தது.” முதல் வகுப்புப் பிள்ளைக்கு அது போதும். அந்த வாக்கியத்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் எழுதட்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நீங்கள் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சித் தாள் கிடைக்காது. நாளிதழிலிருந்து புரியாத உலகச் செய்தியைத் தட்டுத்தடுமாறி வாசிக்கவைப்பதை நான்காம், ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முறைப்பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். 30 பிள்ளைகள் என்றால் மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு வரும். பேசத் தயங்கும் பிள்ளையை முதல் முறை தோழியோடு சேர்த்து நிறுத்துங்கள். கூட்டம் கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். என்றாலும் சாப்பிட்டார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கல்வி வளர்ச்சி நாள்

1903இல் விருதுநகரில் பிறந்த காமராசரின் பிறந்தநாளை 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. வழக்கமாக என்ன நடக்கும்? எழுதிக்கொடுத்த பேச்சை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். நடுவில் ஒரு வரி மறந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இதை விட்டுவிடுங்கள்.

மாறாக, ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் பள்ளிக்குப் போனீர்களா? எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளில்தான் காமராசர் இருக்கிறார். 1950களில் அவர் தொடங்கிய மதிய உணவைச் சாப்பிட்ட தாத்தா ஒருவராவது பல ஊர்களில் உண்டு. பள்ளிக்கே போகாத பாட்டியும் இருப்பார். இருவரையும் அழைத்து மரத்தடியில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் எழுதட்டும், சின்னவர்கள் வரையட்டும். விழா முடிந்துவிட்டது.

ஒரு நடைமுறைக் குறிப்பு. அன்று சத்துணவில் சர்க்கரைப் பொங்கல் உண்டு. அந்த அரிசியும் வெல்லமும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அளந்து வருபவை. வந்த பெரியவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்து அமைப்பாளரைச் சங்கடத்தில் மாட்டாதீர்கள். விருந்தினர்களுக்கு வேண்டியதைத் தனியாக வாங்கிச் சமையுங்கள்.

கொடியேற்றம்

இதில் பேச்சைவிடக் கயிறு முக்கியம். முந்தின நாள் மாலை நீங்களே கம்பத்தடியில் நின்று கயிற்றை இழுத்துப் பாருங்கள். மழையில் துருப்பிடித்த கப்பி, நைந்த நைலான் கயிறு, இரண்டும் ஊரே கூடியிருக்கும் நேரத்தில்தான் சிக்கும். கப்பிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கொடியை மடித்துக் கட்டும் முடிச்சை முன்னாள் ராணுவத்தினர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஓர் இழுப்பில் அவிழ வேண்டும், ஆனால் கொடியேற்றுகிறவர் கை வைக்கும்வரை அவிழக் கூடாது. உள்ளே பூ இதழ்கள் வைப்பதற்குக் கொடி விதிமுறையில் தடை இல்லை. நிறையத் திணித்தால் கொடி விரியாது.

கொடியின் நீள அகலம் 3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், காவி மேலே. கிழிந்ததையோ சாயம் போனதையோ ஏற்றக் கூடாது. 2021 இறுதியில் விதி திருத்தப்பட்டதால் பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு. சுதந்திர நாளில் கொடியை அடியிலிருந்து உச்சிக்கு ஏற்றுவதும், குடியரசு நாளில் உச்சியில் கட்டிவைத்ததை விரிப்பதும் டெல்லியின் வழக்கம். நம் பள்ளிகளில் இரண்டு நாளும் பெரும்பாலும் விரிப்பதுதான் நடக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆகஸ்டில் அடியிலிருந்தே ஏற்றிக் காட்டினால் இன்னும் நல்லது. சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதக் கொடிகளை நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெட்டியில் வாங்கிவிடுங்கள். அவற்றைத் தரையில் போடக் கூடாது என்பதும் விதிதான். மாலையில் சூரியன் மறைவதற்குள் கொடியை இறக்க யார் பொறுப்பு என்று காலையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

யார் ஏற்றுவது என்பது கயிற்றைவிடச் சிக்கலான கேள்வி. பள்ளியின் பழைய வழக்கத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக அவரைக் கம்பத்தடிக்கு வரவிடாத ஊர்கள் உண்டு. அது நடக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அப்படி முணுமுணுப்பு எழுந்தால் நீங்கள் தனியாகச் சமரசம் பேசப் போகாமல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரான ஒரு தாயை ஏற்றச் சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் கிராம சபையும் கூடும். பல ஊர்களில் பள்ளி வளாகத்திலேயே கூடும். கொடியேற்றத்தைச் சீக்கிரம் வைத்தால் பெற்றோர் அப்படியே கிராம சபைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். சுற்றுச்சுவரோ கழிப்பறையோ வேண்டுமென்றால் அன்றே தீர்மானம் போடச் சொல்லலாம்.

விளையாட்டு விழா

இருக்கும் மைதானத்தில் முதலில் நெருஞ்சி முள்ளை அகற்றுங்கள். பாதிப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுவார்கள். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால் போதும். ஒன்றும் இரண்டும் ஒரு பிரிவு, மூன்று முதல் ஐந்துவரை ஒரு பிரிவு. சின்னவர்களுக்குத் தவளை ஓட்டமும் பந்து பொறுக்கலும், பெரியவர்களுக்கு நொண்டி, கோ-கோ, சாக்கு ஓட்டம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அவருக்கென்று இரக்கப்பட்டுத் தனிப் போட்டி வைக்காமல், எல்லாரும் உட்கார்ந்து ஆடும் பல்லாங்குழியையோ தாயத்தையோ பட்டியலில் சேருங்கள்.

தாய்மார்களுக்கு இசை நாற்காலியும் லக்கி கார்னரும் வையுங்கள். அன்று அவர்கள் சிரிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பரிசுக்கு பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர், அதில் பள்ளியின் பெயரும் ஆண்டும். பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். வென்றவருக்குச் சான்றிதழ் கூடுதலாக இருக்கட்டும்.

பொங்கல்

பொங்கல் அன்று பள்ளி இருக்காது. விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் வையுங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி அரிசி. கூடுதலாகக் கொடுக்க வசதி உள்ளவரிடமும் ஒரு பிடிதான் வாங்க வேண்டும். எல்லாத் தெரு அரிசியும் ஒரே பானையில் வேகட்டும். அடுப்பருகில் பெரியவர்கள் மட்டும் நிற்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகளை ஒரு கோட்டுக்கு அப்பால் நிறுத்திக் குலவையிடவும் கத்தவும் விடுங்கள்.

கோலப் போட்டியைக் கணக்குப் பாடமாக்கலாம். 7 புள்ளியில் தொடங்கி 1இல் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் மொத்தம் 25 புள்ளிகள். 7இல் தொடங்கி 4இல் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்தில் 37. இரண்டிலும் நடு வரிசை 7தான், பிறகு ஏன் இந்த வேறுபாடு? நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். பையன்களும் கோலம் போட வேண்டும். முதல் ஆண்டு வெட்கப்படுவார்கள், அடுத்த ஆண்டு சண்டை போட்டு இடம் பிடிப்பார்கள்.

ஆண்டு விழா

எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதல் வேலை தேதி. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, முன்பு குறித்து வைத்த ஊர் நாட்காட்டியோடு உட்காருங்கள். முகூர்த்த நாளைத் தவிருங்கள். பந்தலும் மைக் செட்டும் கிடைக்காது, கிடைத்தாலும் இரட்டை வாடகை. பௌர்ணமியை ஒட்டிய மாலை நல்லது, தூரத்துத் தெருக்காரர்கள் நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம். கடந்த சில ஆண்டுகளாக மார்ச் 1ஆம் தேதியே மாணவர் சேர்க்கை தொடங்கிவிடுவதால் பிப்ரவரி இறுதி எனக்குப் பிடித்த காலம். விழாவைப் பார்த்த பெற்றோர் அடுத்த வாரம் கைக்குழந்தையின் அண்ணனை அழைத்து வருவார்கள். தேதி முடிவானதும் குழுவின் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தெரிவித்து, ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நீங்கள் 8 மணிக்கே முடித்துவிடுவீர்கள் என்பது வேறு விஷயம். மின்வாரிய லைன்மேனிடம் அன்று மின்தடை உண்டா என்று கேட்க மறக்காதீர்கள்.

அடுத்தது பணம். ஒதுக்கப்படும் நிதியில் பந்தல் வாடகையே அடங்காது. பிள்ளைகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கவே கூடாது. நன்கொடை வந்தால் குழுவின் பெயரில் ரசீது, கணக்கு எழுதும் நோட்டு யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். பணத்தைவிடப் பொருளாகவும் உழைப்பாகவும் கேளுங்கள். ஒருவர் டிராக்டர் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதுவே மேடை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டு, ஏற உறுதியான படி ஒன்று வைத்துவிட்டால் வாடகை மேடை தேவையே இல்லை. தோரணத்துக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் ஊரில் கிடைக்கும். ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கவே வேண்டாம். யாருடைய படம் பெரிது என்ற பேச்சு அதிலிருந்துதான் ஆரம்பமாகும்.

அழைப்பிதழிலும் அதே ஆபத்து இருக்கிறது. தலைமை, முன்னிலை, சிறப்புரை, வாழ்த்துரை என்று பெயர்களை வரிசைப்படுத்த ஆரம்பித்தால், யார் பெயர் யாருக்குக் கீழே என்பதில் பாதி ஊர் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். பிள்ளைகளே அழைப்பிதழைக் கையால் எழுதட்டும். அதில் 30 பிள்ளைகளின் பெயர் மட்டும் இருக்கட்டும். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்களே. பெரியவர்களின் பெயரே இல்லாத அழைப்பிதழில் யாருக்கும் கோபம் வருவதில்லை.

நிகழ்ச்சிகள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு முறை மேடை ஏற வேண்டும்: ஒருமுறை கூட்டமாக, ஒருமுறை தன் குரலோடு. ஒன்றாம், இரண்டாம் வகுப்பை முதலிலேயே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேஷத்தோடு தூங்கிவிடுவார்கள். கும்மிக்குப் பாட்டை வெளியில் தேடாதீர்கள். ஊர்க்குளம், வாய்க்கால், மாரியம்மன் கோயில் வேம்பு என்று பிள்ளைகளையே வரி வரியாகச் சொல்லவைத்துப் பாட்டி ஒருவரிடம் மெட்டுக் கேளுங்கள். ஒயிலாட்டமோ பறையோ தெரிந்தவர் ஊரில் இருந்தால் அவரே பயிற்சியாளர். அவரை மேடையிலும் ஏற்றுங்கள். வெளியூரிலிருந்து யாரையாவது பேச அழைப்பதானால் அலுவலரின் அனுமதி இல்லாமல் அழைக்காதீர்கள்.

சினிமாப் பாட்டுக்கு ஆடுவது பற்றிக் கேட்பீர்கள். ஊர் கேட்கத்தான் செய்யும், பிள்ளைகளும் கேட்பார்கள். என் தீர்ப்பு: சொற்களை நீங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்த முடிகிற பாட்டு என்றால் ஒன்று வைக்கலாம். எழுதக் கூசினால் ஆடவைக்கவும் கூசுங்கள்.

கூட்டத்தை அசையவிடாமல் பிடித்துவைப்பது ஆட்டம்தான் என்று நினைப்பீர்கள். வாசிப்பை மேடையேற்றிப் பாருங்கள். அன்றைய நாளிதழைக் கூட்டத்தில் கொடுத்து, ஒரு பெற்றோர் விரல் வைத்த பத்தியை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒலிவாங்கியில் வாசிக்கட்டும். மனப்பாடம் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்து மேடையில் ஒரு கடை: இரண்டாம் வகுப்புப் பிள்ளை கடைக்காரர், கூட்டத்திலிருந்து வரும் ஓர் அம்மா வாடிக்கையாளர். 100 ரூபாய் கொடுத்து 63 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார். மீதியை எண்ணிக் கொடுக்கும்வரை கூட்டம் மூச்சு விடாது. தமிழ்வழி அரசுப் பள்ளியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடையை உங்களால் மேடையில் பேசிச் சொல்லிவிட முடியாது. ஒரு எச்சரிக்கை: இன்னும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளையை இதில் நிறுத்தாதீர்கள். அவருக்குப் படம் பார்த்துக் கதை சொல்வதைக் கொடுங்கள்.

ஒத்திகைக்குக் கடைசிப் பாடவேளை மட்டும், மூன்று வாரம். நாடகம் என்றால் எட்டு நிமிடம் போதும். மைக் செட்காரர் ஒரே ஓர் ஒலிவாங்கியைத்தான் நடுவில் நட்டு வைப்பார். பேசுகிற பிள்ளை அதன் முன்னால் வந்து பேசிவிட்டு நகரும்படி ஒத்திகையிலேயே பழக்குங்கள். ஒரு குச்சியை நட்டு வைத்தால் ஒத்திகைக்கு ஒலிவாங்கி தயார். தன் குரல் பெட்டியிலிருந்து கேட்பதைச் சின்னப் பிள்ளைகள் பயந்து போய்ப் பார்ப்பார்கள். சிறிய ப்ளூடூத் ஒலிபெருக்கி ஒன்றை வைத்து இரண்டு நாள் விளையாடவிட்டால் பயம் போய்விடும்.

உடைக்கு வாடகை கொடுக்கவைக்காதீர்கள். சீருடையின் மேல் ஒரு துண்டு, தலையில் முண்டாசு, அம்மாவின் பழைய சேலை, க்ரேப் காகிதத்தில் சிறகு. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்று மட்டும் காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருப்பதைப் பல பள்ளிகளில் பார்க்கலாம். அது காய்ச்சல் இல்லை.

பேச்சாளர்களைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. எல்லாப் பேச்சையும் தொடக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் வேஷத்தோடு வியர்த்து நிற்பார்கள். இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே ஒருவர், மூன்று நிமிடம் என்று வையுங்கள். அடுத்த குழு மேடைப் படியில் தயாராக நிற்பதைப் பார்த்தால் பேசுகிறவரே முடித்துக்கொள்வார். பொன்னாடைக்குப் பதிலாகப் பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டை கொடுங்கள். பத்து ஆண்டு கழித்தும் வீட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள்.

விழா நாளில் உங்கள் கையில் இருக்க வேண்டியது நிகழ்ச்சி நிரலோடு வருகைப் பட்டியல். வேஷம் போடும் முன்பே பிள்ளைகளைச் சாப்பிடவையுங்கள். கழிப்பறைக்கும் பள்ளியின் பின்புறத்துக்கும் ஒரு விளக்குப் போடுங்கள், இருட்டில் பூச்சி பொட்டு இருக்கும். முதலுதவிப் பெட்டி மேடைக்கு அருகில் இருக்கட்டும். உடை மாற்றும் அறைக்குப் பெண் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது. பிள்ளைகளின் படங்களை ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். முடிந்ததும் எந்தப் பிள்ளை யார் கையோடு போகிறது என்று பட்டியலில் குறித்துக்கொண்டு, கடைசிப் பிள்ளை போன பிறகே நீங்கள் கிளம்ப வேண்டும்.

கல்விச் சீர் வந்தால்

மேளதாளத்தோடு தட்டுகளில் நோட்டு, கடிகாரம், நாற்காலி, மின்விசிறி, குடம், பீரோ என்று ஊரார் ஊர்வலமாகக் கொண்டுவந்து பள்ளிக்குச் சீர் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பரவியிருக்கிறது. ஆண்டு விழாவோடு சேர்த்து வைக்கலாம். என்ன தேவை என்ற பட்டியலை மேலாண்மைக் குழு வழியே முன்பே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்பது சுவர்க் கடிகாரம் வரும். எந்தப் பொருள் எவ்வளவு விலை என்று ஒலிவாங்கியில் அறிவிக்காதீர்கள். பீரோ கொடுத்தவரும் ஒரு பென்சில் டப்பா கொடுத்தவரும் ஒரே வரிசையில் நடந்து வரட்டும். எல்லாவற்றையும் மறுநாளே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக் குழுத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மறுநாள்

காலைக் கூட்டத்தை வழக்கம்போல் நடத்துங்கள். அன்றைய ஊர்ச் செய்தி என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஐந்தாம் வகுப்பை அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுத்தம் செய்யுங்கள். இரவல் வாங்கிய அண்டாவும் ஜமுக்காளமும் யார் வீட்டுடையது என்று முன்பே பெயர் எழுதி ஒட்டியிருந்தால் அன்றே போய்ச் சேரும். வரவு செலவைப் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பந்தல்காரர் பாக்கியையும் அன்றே கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். பங்குனி பிறந்து கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் அவரைக் கண்ணில் பார்ப்பதே கடினம்.